விடியற்கால இருமல்: ஓர் இரத்தப் பிணியின் சரித்திரம்

பேராக் மாநிலத்துத் தோட்டங்களில் லயத்து வாழ்க்கை வாழ்ந்த முதியோர்க்கு ஓர் ஒலி நினைவிருக்கும். நள்ளிரவு கழிந்து, பெரட்டு மணி அடிப்பதற்கு முன், எங்கோ ஓர் அறையில் ஒருவன் இருமத் தொடங்குவான். இரு குடும்பங்களுக்கு இடையே பலகைச் சுவர் ஒன்றே தடுப்பாக இருந்த அக்காலத்தில், ஒருவன் இருமினால் பத்து வீடு விழித்துக்கொள்ளும். மூச்சு இழுக்கும், நெஞ்சு சீழ்க்கையடிக்கும், பொழுது விடிந்தால் ஓய்ந்துவிடும். ஓய்ந்தவன் உளியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு பால்மரக் காட்டிற்குப் போவான். மாதங்கள் செல்லச் செல்ல அவன் உடம்பு இளைக்கும். மாலையில் காய்ச்சல் காணும். பிறகு அவனைப்பற்றி அக்கம்பக்கத்தார் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்குவர்.

இவ்விருமலுக்கு நம்மவர் மூன்று பெயர் வைத்திருந்தனர். மூச்சு இழுத்தால் ஈளை என்றனர். உடம்பு உருகினால் சயம் என்றனர். இரண்டிலும் அடங்காவிட்டால் முனி அடித்தது என்றனர். பெயர் மூன்றாயின் கதியும் மூன்று. ஈளைக்காரன் கஷாயம் குடித்துக் காலந்தள்ளினான். முனி அடித்தவனுக்குக் கோழி அறுத்துத் தாயத்துக் கட்டினர். சயரோகி என்று பெயர் பெற்றவன் கதியே எல்லாவற்றிலும் கொடியது. அவன் குடித்த குவளை தனியே வைக்கப்பட்டது. அவன் வீட்டில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் அஞ்சினர். வேலைக்குத் தகுதியற்றவன் என்று தீர்மானிக்கப்பட்டால் கப்பலேற்றித் தாய்நாட்டுக்கு அனுப்பப்படவும் கூடும்.

இம்மூன்று பெயர்களிலும் சேராத நான்காவது பிணி ஒன்று உண்டு. அது நெஞ்சில் தோன்றினும், அதனைக் காட்டிக்கொடுப்பது இரத்தம். நுரையீரலோடு நில்லாமல் கல்லீரல், மண்ணீரல், நெறிக்கட்டி முதலிய உறுப்புக்களையும் அது தாக்கும். மூன்று வாரம் மாத்திரை விழுங்கினால் பெரும்பாலும் தணியக்கூடிய அந்நோயை, அறியாமையால், தீராப் பிணியென்று எண்ணி மாண்டவர்களும் உண்டு. அதனைக் கண்டறிந்த சரித்திரத்தில் நோயாளிகளிற் பெரும்பாலோர் நம்மவர். மர்மத்தைத் துலக்கிய வைத்தியர்களிலும் பலர் நம்மவர். சினிமா நடிகர்களின் பிறந்தநாளை மனப்பாடமாகச் சொல்லும் நாம் இவர்களுடைய பெயரைக்கூட அறியோம் என்பது வருந்தத்தக்கது.

முதலில் இரத்தத்தைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணு என இருவகை உண்டென்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். வெள்ளையணுக்கள் ஒரே சாதியல்ல. 1879-இல் பால் ஏர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞர், சாயத் தொழிலில் வழங்கிய வர்ணங்களை இரத்தத் துளியின்மீது தடவிப் பூதக்கண்ணாடியில் நோக்கினார். இயோசின் என்னும் செஞ்சாயத்தைச் சில வெள்ளையணுக்கள் மாத்திரம் ஆவலோடு பருகி, உடல் முழுதும் செம்பொறிகள் பதித்தாற்போல ஒளிர்ந்தன. அவற்றிற்கு இயோசினோபில் என்று பெயரிட்டார். இயோசினை விரும்புவது என்பது பொருள். அச்சாயத்தின் பெயர் கிரேக்கரது வைகறைத் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது. வைகறையில் இருமவைக்கும் நோய்க்குக் காரணமான அணுவுக்கு வைகறையின் பெயரே வாய்த்தது தற்செயல்தான், ஆயினும் பொருத்தமானதே.

நல்ல உடம்பில் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவ்வணுக்கள் ஐந்நூற்றுக்குக் குறைவாகவே இருக்கும். உடலில் புழு புகுந்தால் இவை பெருகும். தம்முள் இருக்கும் நச்சுப் பொருளைப் பகைவன்மீது கொட்டும். படை வேண்டிய அளவே இருக்குமட்டும் நாட்டுக்கு நன்மை. அளவு மீறிப் பெருகினால் படையே ஊரைக் கொள்ளையிடும். மூவாயிரம், பதினாயிரம், இருபதினாயிரம் எனப் பெருகும் இயோசினோபில்கள் உறுப்புக்களின் திசுக்களிற் புகுந்து, அந்நச்சை அங்கேயே உமிழ்கின்றன. நுரையீரலில் நிகழ்ந்தால் இருமலும் இளைப்பும். இருதயத்தில் நிகழ்ந்தால் மரணம்.

இதனைக் கண்டுபிடிக்க வேண்டுவன ஓர் ஊசி, ஒரு கண்ணாடிச் சில்லு, ஒரு சொட்டுச் சாயம், ஒரு பூதக்கண்ணாடி, எண்ணத் தெரிந்த ஒருவர். அவ்வளவே. அப்படியிருக்க, ஏர்லிக் கண்ட பின் அறுபது ஆண்டுகள் இந்நோய்க்குப் பெயரில்லாமற் போனது ஏன் என்று நேயர்கள் வினவலாம். அதற்கு விடை நம் தோட்டங்களிலேயே இருக்கிறது.

தஞ்சை, திருச்சி, தென்னார்க்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து கங்காணிமார் திரட்டிய மக்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர்; ஜெரெஜாக் தீவில் தடுத்துவைக்கப்பட்டுப் பின்னர் தோட்டங்களுக்குப் பங்கிடப்பட்டனர். பேராக்கில் கிந்தாப் பள்ளத்தாக்கு ஈயத்தால் கொழித்தது. சுங்கை சிப்புட், தாப்பா, தெலுக் அன்சோன் பக்கங்கள் ரப்பரால் கொழித்தன. கொழிக்காதது தொழிலாளியின் உடம்பு ஒன்றே. செருப்பில்லாக் கால், மலக்கூடமில்லா லயம், ஈர மண் ஆகிய மூன்றும் கூடினால் கொக்கிப்புழுவுக்கு வேறென்ன வேண்டும்? 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் நிதியத்தார் அனுப்பிய ஆராய்ச்சிக் குழு, டாக்டர் டார்லிங் தலைமையில், மலாயாவிலும் ஜாவாவிலும் பிஜியிலும் இக்கொக்கிப்புழுவையே ஆராய்ந்தது. நோய் அவ்வளவு பெரிதாயிருந்தது.

கொக்கிப்புழுவும் இயோசினோபிலைப் பெருக்கும், நாக்குப்பூச்சியும் பெருக்கும். ஆகவே தோட்டத்து ஆஸ்பத்திரியில் எவன் இரத்தத்தைச் சோதித்தாலும் அவ்வணு மிகுந்தே காணும். எல்லோரிடமும் காணும் அடையாளம் ஒருவனையும் அடையாளங்காட்டாது. "கூலிக்குப் புழு இருக்கிறது, வேறென்ன?" என்று கூறிப் பேதிமருந்து கொடுத்தனுப்புவது எளிதாயிருந்தது. வறுமையால் வந்த ஒரு பிணி மற்றொரு பிணியை மறைத்துக்கொண்டு நின்றது. எண்ணிக்கை சற்றே மிகுந்ததா, பல மடங்கு மிகுந்ததா என்று நின்று எண்ணிப்பார்க்க டிரஸ்ஸருக்கு நேரமில்லை. எண்ணச் சொல்வாரும் இல்லை. முனிக்குக் கோழி அறுத்தவனைப் பழிப்பது நமக்கு எளிது. ஆனால் அவன் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் போனான். அங்கே கிடைத்தது பேதிமருந்தும் கொயினாவும். அதற்குப் பிறகே கோழியைத் தேடினான் என்பதையும் சீர்திருத்தம் பேசுவோர் மறத்தலாகாது.

முதல் வெளிச்சம் எலும்புருக்கி ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து வந்தது. இன்றைய ஆந்திர நாட்டில் மதனப்பள்ளிக்கு அருகே, பழைய சென்னை மாகாணத்தில், கிறிஸ்தவ மிஷன்கள் கூடி நடத்திய ஆரோக்கியவரம் சானிட்டோரியம் 1915-இல் திறக்கப்பட்டது. அதனைப் பல்லாண்டு நடத்தியவர் பிரிமோட்-மோலர் என்னும் டென்மார்க்கு தேசத்து வைத்தியர். சயரோகம் என்று எழுதிக்கொடுத்து அனுப்பப்பட்டவர்கள் அவரிடம் வந்தனர். எக்ஸ்ரே படத்தில் இரு நுரையீரலிலும் தினை இறைத்தாற்போலப் புள்ளிகள். பார்த்தவுடன் சயம் என்றே சொல்லத்தோன்றும். சளியைச் சோதித்தால் கிருமியில்லை. ஒருமுறையன்று, பலமுறை தேடியும் இல்லை. இரத்தத்தையோ எனின் இயோசினோபில்கள் மொய்த்துக் கிடந்தன. 1940-இல் அவரும் பார்ட்டன் என்பவரும், சயம் போலத் தோன்றிச் சயமல்லாத ஒரு நிலை உண்டென்று இந்திய மருத்துவ கெசட்டில் எழுதினர்.

இவ்விடத்தில் சற்று நிற்கவேண்டும். சயரோக ஆஸ்பத்திரியின் தலைவர், தம்மிடம் வந்த நோயாளியைப் பார்த்து "உனக்குச் சயமில்லை" என்று சொல்வது சிறு காரியமன்று. அன்று சயத்துக்கு மருந்தே இல்லை. படுக்கையும் பாலும் முட்டையும் காற்றுமே சிகிச்சை. ஒருவனைச் சயரோகி என்று சொல்லிவிட்டால் அவன் பிழைத்தாலும் சமூகம் அவனைப் பிழைக்கவிடாது. அப்பெயரை அழித்தவர், மருந்து கொடாமலே பாதி நோயைத் தீர்த்தவராவார்.

இதற்கு ஓராண்டு முன்னரே, மலாக்கா நீரிணைக்கு அப்பால் டச்சுக் கிழக்கிந்தியாவில் மெயர்ஸ், கௌவெனார் என்னும் இரு வைத்தியர்கள் வேறொரு பக்கத்திலிருந்து இதே கதவைத் தட்டியிருந்தனர். இயோசினோபில் மிகுந்த நோயாளிகளின் நெறிக்கட்டிகளை அறுத்துப் பார்த்தபோது, யானைக்கால் புழுவின் நுண்குஞ்சுகள் அங்கே சிதைந்து கிடக்கக் கண்டனர். 1939-இல் டச்சு மொழியில் எழுதினர். டச்சு மொழியில் எழுதியதை ஆங்கிலம் படித்தோர் படிக்கவில்லை, யுத்தமும் வந்துவிட்டது. நீரிணையின் இக்கரையில் அதனை அறிந்தார் இலர். ஏகாதிபத்தியங்கள் நாட்டை மட்டுமா பிரித்தன? அறிவையும் வேலி போட்டுப் பிரித்தன.

1943-இல் லண்டன் லான்செட் பத்திரிகையில் வைன்கார்ட்டன் என்பவர், இந்தியாவில் தாம் கண்ட 81 நோயாளிகளைப்பற்றி எழுதி, இது புதியதொரு நோயென்று துணிந்து கூறினார். உஷ்ணப் பிரதேச இயோசினோபிலியா என்று அவர் இட்ட பெயரே நிலைத்தது. சிகிச்சை அவருக்குக் கிட்டிய விதம் வியப்பானது. இருமலோடு மேகநோயும் சேர்ந்திருந்த ஒருவனுக்கு, மேகத்தின்பொருட்டு ஆர்சனிக் ஊசி போட்டார். மேகத்துக்குப் போட்ட ஊசியால் இருமல் நின்றது. ஆர்சனிக் என்பது பாஷாணம். நோயைக் கொல்வதோடு சிலவேளை நோயாளியையும் கொல்லும். ஆயினும் வேறு வழியில்லாமையால், பின்வந்த பத்தாண்டுக்கு மேல் இதுவே சிகிச்சையாயிற்று. காரணம் யாதென்பது வைன்கார்ட்டனுக்கும் விளங்கவில்லை.

ஜப்பானியர் ஆண்ட மூன்றரை ஆண்டுகளில் மலாயாத் தமிழர் பட்ட பாட்டில் இருமலைக் கவனிப்பார் யார்? அதனை விட்டு அப்பால் செல்வோம்.

யுத்தம் முடிந்த இரண்டாம் ஆண்டில், அமெரிக்காவில் லெடர்லி என்னும் மருந்துச்சாலையில் ஹெட்ரசான் என்ற மாத்திரை கண்டுபிடிக்கப்பட்டது. யானைக்கால் புழுவின் குஞ்சுகளை இரத்தத்திலிருந்து துடைத்தெறியும் மருந்து அது. அந்த ஆராய்ச்சிச் சாலையின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்த தெலுங்கர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். காந்தியாரின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்து அறுவைக் கூடத்துக்கு வந்தார் என்பதற்காக, ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் மறுக்கப்பட்டு, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர். கதருக்காகப் பட்டம் மறுத்த அப்பேராசிரியரை இன்று நினைப்பார் இலர். சுப்பாராவ் 1948-இல் காலமானார். தம் மாத்திரை நம் தோட்டத்து இருமலையும் தீர்க்கும் என்பதை அவர் அறியவில்லை.

அதனை அறிந்தது சிங்கப்பூர். 1949-இல் அங்கே அமைந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பகுதியில் பணியாற்றியவர் டாக்டர் தம்பு ஜான் தனராஜ். பிற்காலத்தில், 1963-இல், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்து மருத்துவத் துறை தோன்றியபோது அதன் முதல் தலைவராய் அமர்ந்தவர் இவரே. ஆஸ்பத்திரி வார்டில் இளைப்போடு வந்தவர்களின் இரத்தத்தை இவர் எண்ணினார். அவர்கள் எந்த இனத்தவர் என்பதையும் எண்ணினார். சிங்கப்பூர் மக்களில் இந்தியர் அந்நாளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்நோயாளிகளிலோ இந்தியரே பெரும்பாலோர். சீனரும் மலாய்க்காரரும் மிகச் சிலர்.

இக்கணக்கைக் கண்டவுடன் "இது இந்தியன் நோய்" என்று சொல்லிவிட்டு அப்பாற்செல்வது எளிது. தனராஜ் அப்படிச் செல்லவில்லை. இந்தியரை மிகுதியாகத் தாக்குகிறதெனின் எதனால்? புழு காரணமா? புழுவெனின் எந்தப் புழு? 1955-இல் இந்தியாவில் கணாத்ரா, லூயிஸ் இருவர் இந்நோய்க்கு ஹெட்ரசானைக் கொடுத்துப் பயன்கண்டிருந்தனர். தனராஜும் கொடுத்துப் பார்த்தார், 1958-இல் வெளியிட்டார். ஆர்சனிக் வேண்டாம், ஊசி வேண்டாம், மாத்திரை போதும் என்றாயிற்று. சில நாளிலேயே இருமல் அடங்கியது. இரத்தத்தில் இயோசினோபில்கள் சரசரவெனக் குறைந்தன. புழுவைக் கொல்லும் மருந்தால் நோய் தீருமானால் நோய்க்குப் புழுவே காரணமாதல் வேண்டும் என்பது தர்க்கம். ஆனால் தர்க்கம் மாத்திரம் வைத்தியத்துக்குப் போதாது, கண்ணால் காணவேண்டும்.

காண்பதில்தான் சங்கடம். யானைக்கால் புழுவின் குஞ்சு இரவில் இரத்தத்துக்கு வருமென்பது மான்சன் காலத்திலிருந்தே தெரிந்தது. ஆகையால் நள்ளிரவில் நோயாளியை எழுப்பி விரலில் குத்தி எடுத்துப் பார்த்தனர். குஞ்சு இல்லை; எந்த இரவிலும் இல்லை. ஆகவே புழுவன்று என்று பலர் கைவிட்டனர். தனராஜ், டா சில்வா, ஷாக்கர் மூவரும் 1959-இல் வேறொரு வழி சென்றனர். நாயின் இருதயத்தில் வாழும் ஒருவகைப் புழுவிலிருந்து சாறெடுத்து, நோயாளியின் இரத்த நீரோடு சேர்த்துச் சோதித்தனர். அவ்விரத்தம் அச்சாற்றை அடையாளங்கண்டது. அதாவது, அந்த உடம்பு அப்புழுவின் இனத்தோடு முன்னரே போர் தொடுத்திருக்கிறது. கள்வன் அகப்படவில்லை, கள்வனைக் கண்ட சாட்சி அகப்பட்டான்.

இதற்குள் மலாயாக் காடுகளிலிருந்தும் ஒரு செய்தி வந்திருந்தது. 1900-இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தோர், சதுப்புநிலக் கொசுக்களால் பரவும் மலாயா யானைக்கால் புழு மனிதரிடம் மாத்திரமன்றிக் குரங்கிலும் பூனையிலும் வாழ்வதைக் கண்டனர். லண்டன் அறிஞர் பக்லியும் எடிசனும் 1956-இல் பகாங் மாநிலத்தின் பெயரால் மற்றொரு புழுவையே விவரித்தனர். அது நாய் பூனைகளுக்கு உரியது. விலங்குப் புழு வழிதவறி மனித உடலில் புகுந்தால் வாழவும் முடியாமல், சாகவும் முடியாமல் இவ்விருமலை உண்டாக்குமோ என்று 1958-இல் பக்லி ஐயுற்றார். தாமாக முன்வந்தவரின் உடலில் இத்தகைய புழுக்களைச் செலுத்தியபோது இருமலும் இளைப்பும் தோன்றின, இயோசினோபில் ஏறியது. கேட்பதற்கே மயிர்க்கூச்செறியும் சோதனை இது. இன்றைய நெறிமுறைக் குழுக்கள் இதற்கு இசையுமா என்பது ஐயமே.

கண்ணால் கண்டவர்கள் வேலூரார். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குழந்தை வைத்தியர் வெப்பும், நோய்க்கூற்று அறிஞர்களான ஜோப், கால்ட் இருவரும், நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நெறிக்கட்டி ஆகியவற்றிலிருந்து சிறு துணுக்குகள் எடுத்து அரிந்து பார்த்தனர். ஒளிந்திருந்த குஞ்சுப்புழுக்கள் அங்கே இருந்தன. இயோசினோபில்கள் அவற்றைச் சூழ்ந்து பகைத்து முடிச்சுப் போட்டு நின்றன. 1960-இல் லான்செட்டில் இது வெளிவந்தது. இருமலோடு வந்தவர்களின் கல்லீரலிலும் இதே போர் நடந்திருந்தமையால், இது உடல் முழுதையும் பற்றிய இரத்த நோய் என்பது ஐயமற நிறுவப்பட்டது. இரவு இரத்தத்தில் குஞ்சு காணாமற்போன மர்மமும் அவிழ்ந்தது. பெரும்பான்மையோர் உடலில் புழுக்குஞ்சு இரத்தத்தில் சுதந்திரமாகத் திரியும், அவர்களுக்கு இருமலில்லை. நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவான சிலர் உடலோ அதனை ஒரு கணமும் பொறாது. நுரையீரலுக்கு வந்தவுடனே பிடித்துக் கொல்லும். அக்கொலையின் ஆரவாரமே இருமல்.

ஆறாண்டு கழித்து, 1966-இல், தனராஜும் சிங்கப்பூர் நோய்க்கூற்று அறிஞர் சண்முகரத்தினமும், அமெரிக்கரான பச்செக்கோ, பீவர் இருவரோடு சேர்ந்து, சிங்கப்பூர் நோயாளிகளின் நுரையீரலிலும் இதே புழுக்குஞ்சைக் காட்டினர். வாதம் முடிந்தது. இந்தச் சண்முகரத்தினம், சிங்கப்பூரில் புற்றுநோய்ப் பதிவேட்டை அமைத்தவர். அந்நாட்டின் குடியரசுத் தலைவராக 2023-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட தர்மனின் தந்தையார். மகனின் பெயரை அறியாத் தமிழர் இலர். தந்தையார் கண்ணாடிச் சில்லில் கண்டது எத்துணைத் தமிழரின் மூச்சைக் காத்ததென்பதையும் அறிந்துகொள்ளலாம்.

இனி, "இந்தியன் நோய்" என்ற பேச்சுக்கு வருவோம். தஞ்சையும் கும்பகோணமும் யானைக்காலுக்குப் பேர்போனவை என்பதை நம் பாட்டன்மார் பரிகாசமாகவே பேசுவர். அச்சீமைகளிலிருந்தே ஆயிரமாயிரவராய் மக்கள் கப்பலேற்றப்பட்டனர். ஏறியவர்களைப் புழுவும் பின்தொடர்ந்தது. இறங்கிய இடத்தில் கொசுவும் சதுப்பும் காத்திருந்தன. பெண்களைவிட ஆண்களையே இந்நோய் பல மடங்கு தாக்குகிறது. பெரும்பாலும் உழைக்கும் வயதில் தாக்குகிறது. இவ்வளவும் கூடிய இடத்தில் ஓர் இனத்தின் இரத்தத்தையே குறைசொல்வது எமக்கு உடன்பாடன்று. சாதியை இரத்தத்தில் தேடிய நம் முன்னோரின் பிழையையே வெள்ளைச் சட்டை அணிந்து மீண்டும் செய்வதாகும் அது.

நோய் முழுதும் வென்றடக்கப்பட்டது என்றும் சொல்லற்கில்லை. 1987-இல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்து விஜயனும் அமெரிக்க அறிஞர்களும், நோயாளிகளின் நுரையீரலை உப்புநீரால் கழுவி அந்நீரை எண்ணினர். அதில் இருந்த அணுக்களில் பாதிக்கு மேல் இயோசினோபிலே. மருந்தால் அவை விரைவில் குறைந்தன. ஆனால் சிலரிடம் தணல் முழுதும் அவியாமல் உள்ளேயே கனன்றுகொண்டிருக்கிறதென்பது பின்னர் தெரிந்தது. நாளடைவில் நுரையீரல் தழும்பேறித் தடித்துவிடும். ஆகவே காலந்தாழ்த்திக் கண்டறிவது பாதி கண்டறிவதே.

இதற்கு உறவான வேறொரு பிணி உண்டு. அது இதனினும் அரிது, இதனினும் கொடிது. புழுவுமில்லை, ஒவ்வாமையுமில்லை, ஆயினும் இயோசினோபில்கள் ஓயாது பெருகி இருதயம், நரம்பு, தோல், நுரையீரல், கல்லீரல் என ஒவ்வோர் உறுப்பாகப் பாழ்படுத்தும். சூரிச் நகரத்து லோப்ளர் 1936-இல் இருதயத்தின் உட்சுவர் இவ்வாறு தடித்து இறுகுவதை விவரித்தார். 1968-இல் ஹார்டி, ஆண்டர்சன் இருவர் மிகை இயோசினோபில் நோய்க்கணம் என்று பெயரிட்டனர். 1975-இல் சூசிட் முதலானோர் அதனை அறிய மூன்று விதி வகுத்தனர்: ஒரு கன மில்லிமீட்டரில் 1,500-க்கு மேற்பட்ட இயோசினோபில் ஆறு மாதத்துக்கு மேல் நிலைத்திருத்தல் வேண்டும், புழு முதலிய வேறு காரணம் எதுவும் இருத்தலாகாது, உறுப்பு பழுதுற்றிருத்தல் வேண்டும். அந்நாளில் இந்நோயாளிகளின் சராசரி ஆயுள் ஒன்பது மாதம். மூன்றாண்டு பிழைத்தவர் நூற்றுக்குப் பன்னிருவர். 2003-இல் கூல்ஸ் முதலானோர், இந்நோயாளிகள் சிலருடைய அணுக்களின் நான்காம் குரோமோசோமில் ஒரு துண்டு அறுந்து இரு ஜீன்கள் தவறாக ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டனர். அத்தகையோர்க்கு இமாட்டினிப் என்னும் மாத்திரை சிறிய அளவிலேயே அற்புதம் புரிகிறது. 2020-இல் மெப்போலிசுமாப் என்ற ஊசியும் இந்நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒன்பது மாதமாயிருந்த ஆயுள், தக்க சிகிச்சை பெறுவோர்க்கு இன்று பல்லாண்டாயிற்று.

மேற்சொன்ன மூன்று விதிகளில் நடுவிதியே நம் போன்ற நாட்டாருக்குக் கடினமானது. "வேறு காரணம் எதுவும் இல்லை" என்று சொல்லக் குளிர்நாட்டு வைத்தியருக்கு ஒரு மணி நேரம் போதும். ஈப்போவிலோ ஒவ்வொரு புழுவாகக் கேட்டு விலக்கவேண்டும். மலத்தை ஒருமுறையன்றிப் பலமுறை சோதிக்கவேண்டும். பிறந்த ஊர் எது, பிழைத்த தோட்டம் எது, வெறுங்காலில் நடந்ததுண்டா என்று வினவவேண்டும். யானைக்கால் புழுவுக்கு எதிரான சத்து இரத்தத்தில் உண்டா என்று தேடவேண்டும். ஐயமிருப்பின் மூன்று வாரம் ஹெட்ரசான் கொடுத்துப் பார்க்கவேண்டும். இவை யாவும் கடந்த பின்னரே எலும்பு மச்சையும் ஜீனும். வரிசை மாறினால் விபரீதம். ஸ்ட்ராஞ்சிலாய்டஸ் என்னும் நூற்புழு பல்லாண்டு குடலில் அடங்கிக்கிடக்கும். அதனை விலக்காமல், இளைப்புத் தணிய வேண்டுமென்று ஸ்டீராய்டு கொடுத்தால், உடலின் காவல் தளர்ந்து, அப்புழு பெருகி நுரையீரல், மூளை எங்கும் பரவி ஆளையே கொன்றுவிடும். சீட்டில்லாமல் கடையில் ஸ்டீராய்டு வாங்கி விழுங்கும் வழக்கம் தாயத்தினும் கேடானது, தாயத்து கொல்லாது.

இன்று ஆஸ்பத்திரிகளில் முழு இரத்த எண்ணிக்கையை இயந்திரம் சில நிமிடத்தில் அச்சிட்டுத் தருகிறது. அத்தாளின் நடுவே இயோசினோபில் என்ற வரி ஒன்றிருக்கிறது. நாட்பட்ட இருமலோடு வந்தவன் சளியில் கிருமியில்லை எனின், அவ்வரி எவ்வளவு என்று வைத்தியரைக் கேட்பது எவருக்கும் உரிமை. கேட்பதற்கு ஆங்கிலமும் வேண்டியதில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய்ப் பல இடங்களில் வீடமைப்பு வந்துவிட்டது. நம் பிள்ளைகள் ஈப்போ, கோலாலம்பூர் எனப் பட்டணஞ்சேர்ந்தனர். இந்நோயை ஒருமுறையும் காணாமலே பட்டம்பெறும் இளம் வைத்தியர் பலர். ஆனால் பேராக்கின் செம்பனைக் காடுகளில் இன்று குலை வெட்டுவோர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேபாளியரும் இந்தியருமாவர். அவர்களிற் பலர் யானைக்கால் புழு வாழ்ந்த, சில இடங்களில் இன்னும் வாழும், ஊர்களிலிருந்து வந்தவர்கள். பலகைச் சுவருக்குப் பதில் தகரச் சுவர். பெரட்டு மணிக்குப் பதில் கைப்பேசி மணி. இரவு மூன்று மணிக்கு அச்சுவருக்கு அப்பால் இப்போது இருமுகிறவன் தமிழனல்லன். அவன் பாஷை நமக்குத் தெரியாது.